கல்யாணத்துக்கு முன்பே அரசிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரத்தை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். நீங்கள் சேலம் அம்மாபேட்டை, இந்துக் குடும்பம், பெற்றோருடன்தான் இருக்கிறீர்கள். உங்கள் மாப்பிள்ளை ஏற்காட்டில் பிறந்து வளர்ந்த ரோமன் கத்தோலிக்கர், வேலை பெங்களூரில். இரண்டு வீட்டிலும் சம்மதம். ஆவணியில் முகூர்த்தம் குறித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் தோழி, "கல்யாணத்துக்கு முன்னாடியே மேரேஜ் லைசென்ஸ் வாங்கணுமே, வாங்கிட்டியா?" என்று கேட்டதும் கலங்கிப்போய், இங்கே அப்படி ஒன்று உண்டா, எங்கே வாங்குவது, எத்தனை நாள் முன்னால் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே போகிற போக்கில் இரண்டு வரி: "கோயிலில் தாலி கட்டிவிட்டு அப்புறம் ரிஜிஸ்டர் செய்துகொள்ளலாம் என்று அப்பா சொல்கிறார். பெரியப்பா மட்டும் ஆட்சேபம் கொடுப்பேன் என்கிறார்." எனக்கு அந்த இரண்டு வரிகள்தான் பெரிய கேள்வியாகப் படுகின்றன. லைசென்ஸ் விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். அப்பா சொல்லும் வழியோ உங்கள் இருவருக்கும் பொருந்தாத வழி. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நான் சேலத்தில் பல ஆண்டுகளாக வழக்கறிஞர். குடும்ப வழக்குகளும் திருமணப் பதிவுகளும்தான் என் அன்றாட வேலை. அந்த அனுபவத்திலிருந்தும் சட்டத்திலிருந்தும் சொல்கிறேன். சர்ச் விதிகளைப் பொறுத்தவரை மாப்பிள்ளையின் பங்குத்தந்தை, அதாவது அவர் சர்ச்சின் பாதிரியார், சொல்வதுதான் முடிவு. அங்கே நான் வெளியாள்.

தோழி சொன்னது அவர் ஊரில் சரி. அமெரிக்காவில் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அல்லது நகர அலுவலகத்துக்குப் போய் முதலில் லைசென்ஸ் வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பாதிரியாரோ நீதிபதியோ திருமணத்தை நடத்தலாம். நடத்தியவர் அதே தாளில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினால்தான் சான்றிதழ் வரும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் வாங்கிய பிறகு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும், 60 நாளுக்குள் திருமணம் நடக்க வேண்டும். டெக்சாஸில் 72 மணி நேரம். இங்கே இரண்டு பேரும் இந்துவாக இருந்தால் இப்படி எந்த முன் அனுமதியும் கிடையாது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி, அவரவர் வழக்கப்படி சடங்கு நடந்தாலே திருமணம் ஆகிவிடும். நம் மாநிலத்தில் 1967-இல் சேர்த்த 7ஏ பிரிவின்படி சீர்திருத்தத் திருமணமும் செல்லும். உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் தேவையில்லை. அரசு கேட்பது எல்லாம் முடிந்த பிறகுதான். 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் உண்டு. உங்கள் அப்பா மனதில் வைத்திருப்பது இந்த வழிதான். அவர் பார்த்த கல்யாணங்களெல்லாம் அப்படித்தான் நடந்திருக்கும்.

ஆனால் இந்து திருமணச் சட்டம் தன் முதல் நிபந்தனையாகவே "இரண்டு இந்துக்களுக்கு இடையே" என்று சொல்கிறது. இதில் பௌத்தர், சமணர், சீக்கியரும் அடங்குவர். கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சி, யூதர் அடங்கார். ஒரு ரோமன் கத்தோலிக்க ஆணும் இந்துப் பெண்ணும் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, சில நாளில் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிவும் செய்துகொண்ட வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆந்திரத்தில் தொடங்கிய வழக்கு அது. பதிவு இருந்தாலும் அந்தத் திருமணம் செல்லாது என்று 2008 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. உங்கள் நிலை அப்படியே அதுதான். கோயிலில் தாலி கட்டுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. படிவத்தில் மதம் என்ற இடத்தை எப்படியோ நிரப்பிப் பதிவும் செய்து தருகிறேன் என்று சொல்லும் ஆட்கள் அலுவலக வாசலிலேயே இருக்கிறார்கள். அந்தத் தாளின் பலவீனம் நல்ல காலத்தில் தெரியாது. பத்து வருஷம் கழித்து ஒரு ஓய்வூதியத்துக்கோ, வாரிசுச் சான்றுக்கோ, பிரிவு என்று வந்தால் ஜீவனாம்சத்துக்கோ போய் நிற்கும்போதுதான் எதிர்த் தரப்பு அதைக் கையில் எடுக்கும். பாதிக்கப்படுவது பெரும்பாலும் பெண்தான். இதை நான் கவலையோடுதான் சொல்கிறேன்.

"அவர் பேருக்கு இந்துவாக மாறிவிட்டால்?" என்று அடுத்த யோசனை வரும். மனதார மாறுகிறவருக்கு அது வேறு கதை. கல்யாணத்துக்காக ஒரு நாள் சடங்கு செய்து, அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகிற மாற்றத்தை நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பது வழக்குக்கு வழக்கு மாறும். இரண்டு வீட்டிலும் சம்மதம் இருக்கும்போது இந்தச் சந்தேகத்தை ஏன் சுமக்க வேண்டும்? உங்கள் இருவருக்கும் மதம் மாறாமலே திறந்திருக்கும் வழிகள் இரண்டு. இரண்டிலும் கல்யாணத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை உண்டு. தோழி சொன்ன லைசென்ஸுக்கு இங்கே நெருக்கமாக வருவது அதுதான்.

முதல் வழி சர்ச். 1872-ஆம் ஆண்டு இந்திய கிறிஸ்தவத் திருமணச் சட்டம், மணமக்களில் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்தாலும் பொருந்தும். அதனால் நீங்கள் இந்துவாகவே இருந்து ஏற்காட்டு சர்ச்சில் மணம் முடித்தால் அது சட்டப்படி முழுத் திருமணம். கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு ஆயரின் (பிஷப்பின்) விதிவிலக்கு அனுமதி கேட்கும். பங்குத்தந்தை விண்ணப்பம் தயாரித்து மறைமாவட்டத்துக்கு அனுப்புவார். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுக்க வேண்டும். அவர் அப்படி வாக்குக் கொடுத்திருப்பது உங்களுக்கும் தெரியப்படுத்தப்படும். அந்த விஷயத்தை இரண்டு பேரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். இது போக ஞானஸ்நானச் சான்று, திருமணத் தயாரிப்புப் பயிற்சி, மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது (கல்யாணத்தைச் சர்ச்சில் அறிவிப்பது) எல்லாம் உண்டு. ஆக ஒரு மாதம் என்பது குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: தனிச் சபைகளில் கல்யாணம் வைப்பவர்கள், போதகருக்குத் திருமணம் நடத்த அரசு கொடுத்த உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சட்டத்தில் உரிமம் என்று வருவது மணமக்களுக்கு இல்லை, நடத்துபவருக்குத்தான். அது இல்லாமல் நடந்த திருமணத்தைப் பின்னால் நிரூபிக்கப் பெரும் பாடு படவேண்டும்.

இரண்டாவது வழி 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் நான் நினைத்தது இதைத்தான். யாரும் மதம் மாற வேண்டாம், எந்தச் சடங்கும் கட்டாயமில்லை, வேண்டுமானால் எல்லாச் சடங்கும் செய்துகொள்ளலாம். கல்யாணத்துக்கு முன்னால் திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நம் ஊரில் அது சார்பதிவாளர் அலுவலகத்தில் நடக்கும் வேலை. நோட்டீஸ் கொடுக்கும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக 30 நாளாவது உங்களில் ஒருவர் அந்த அலுவலக எல்லைக்குள் குடியிருந்திருக்க வேண்டும். நீங்கள் அம்மாபேட்டையிலேயே இருப்பதால் சேலத்தில் கொடுப்பதற்குத் தடையில்லை. அவர் பெங்களூரில் இருப்பதும் குறுக்கே வராது. உங்கள் தெரு எந்த அலுவலகத்தின் எல்லையில் வருகிறது என்பதைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சேலம் நகருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகங்கள் இருப்பதால் தப்பான இடத்தில் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் நிறைய.

கொடுத்த நோட்டீஸ் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். அந்தப் பலகையைப் பார்த்திருக்கிறீர்களா? பத்திரப் பதிவுக்கு வந்தவர்கள் டோக்கனை வைத்துக்கொண்டு சாய்ந்து நிற்கும் சுவரில் இருக்கும். பசை காய்ந்து ஓரம் சுருண்ட தாள்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர், வயது, தொழில், முகவரி. நிலத்துக்கு வந்தவர்கள் பொழுது போகாமல் அதைப் படிப்பார்கள். சில பேர் செல்போனில் படம் எடுப்பதையும் கண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கல்யாணம் என்பதால் உங்களுக்கு இது தொல்லையில்லை. வீட்டுக்குத் தெரியாமல் செய்கிறவர்களுக்கு அந்த ஒரு தாள்தான் பெரிய ஆபத்து. இந்த விளம்பரம் கட்டாயமில்லை, மணமக்கள் விரும்பினால் மட்டும் போதும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. ஆனால் நம் அலுவலகங்களில் பலகையில் ஒட்டுவது நடக்கத்தான் செய்கிறது, அதை எதிர்பார்த்தே திட்டமிடுங்கள். இன்னொன்று, மணமக்களில் ஒருவரின் நிரந்தர முகவரி வேறு அலுவலக எல்லையில் இருந்தால் ஒரு நகல் அங்கேயும் போய் ஒட்டப்படும். அவர் நிரந்தர முகவரி ஏற்காடு என்பதால் அவர் பகுதி அலுவலகத்துக்கும் நகல் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் செய்தி வேகமாகப் பரவும். உறவுக்காரர்களுக்கு நீங்களே முதலில் சொல்லிவிடுவது மரியாதை.

விளம்பரம் ஆன நாளிலிருந்து 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பம் பதிந்த நாளிலிருந்து எண்ணுவது பலர் செய்கிற தவறு, அது கணக்கில் வராது. நேரில் போய்க் கையெழுத்திட்டு, அலுவலர் ஏற்று வெளியிட்ட தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரம், நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடியாவிட்டால் அது காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது ஆனி நடக்கிறது. உங்கள் முகூர்த்தம் ஆவணியில். இந்த வாரமோ அடுத்த வாரமோ கொடுத்தால் ஆடி முழுக்கக் காத்திருப்பிலேயே கழிந்து, ஆவணி பிறக்கும்போது வழி திறந்திருக்கும். ஆடியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று பெரியவர்கள் நோட்டீஸைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: நோட்டீஸ் என்பது மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பது மாதிரிதான், கல்யாணம் இல்லை. ஆடி முடியட்டும் என்று காத்திருந்து ஆவணி முதல் வாரத்தில் கொடுத்தால் முகூர்த்தம் முடிந்த பிறகுதான் கையெழுத்துப் போட முடியும்.

ஆவணங்கள் பெரிய விஷயமில்லை. வயதுக்குப் பிறப்புச் சான்றோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோ பாஸ்போர்ட்டோ, முகவரிக்கு ஆதார், குடும்ப அட்டை போன்றவை, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், பிறகு மூன்று சாட்சிகளும் அவர்களின் அடையாள அட்டையும். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். ஏற்கெனவே மணமாகி விவாகரத்து ஆனவர் என்றால் தீர்ப்பாணை நகல், துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்று வேண்டும். சில அலுவலர்கள் இன்னும் ஒன்றிரண்டு தாள் கேட்பார்கள். ஈ-சேவை மையத்தில் வருவாய்த்துறையின் திருமணமாகாதவர் சான்றிதழை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் அந்த அலைச்சல் குறையும்.

உண்மையில் ஆட்களை அலைய விடுவது பெயர்தான். மதிப்பெண் பட்டியலில் முன்னால் ஒரே ஒரு இனிஷியல், ஆதாரில் பின்னால் அப்பா பெயர் முழுசாக, குடும்ப அட்டையில் தமிழில் வேறு எழுத்து. ஏற்காட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு புனிதரின் பெயர், பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் கூப்பிடும் பெயர் என்று இரண்டாகி நிற்கும். இன்று மாலையே இரண்டு பேரின் தாள்களையும் ஒரு மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதாரைத் திருத்த வேண்டியிருந்தால் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே திருத்துங்கள். நோட்டீஸில் போன பெயர்தான் கடைசியில் சான்றிதழிலும் வரும். நாளைக்கு விசாவுக்கு அந்தத் தாளைத்தான் பாஸ்போர்ட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

இப்போது பெரியப்பா. 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம், அந்த உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் எதற்காக ஆட்சேபிக்கலாம் என்பதையும் சட்டமே வரையறுத்திருக்கிறது: ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிரோடு இருப்பது, சம்மதம் தரும் மனநிலை இல்லாதது, வயது குறைவு, மணக்கக் கூடாத நெருங்கிய உறவு. அவ்வளவுதான். மதம், சாதி, குடும்ப மானம், "எனக்குப் பிடிக்கவில்லை" எதுவும் காரணமாகாது. அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆட்சேபம் நேர்மையற்றது என்று தெரிந்தால் கொடுத்தவருக்கு 1,000 ரூபாய் வரை செலவுத் தொகை விதிக்கவும் அலுவலருக்கு அதிகாரம் உண்டு. தொகை சின்னதுதான். ஆனால் ஆட்சேபம் வந்தாலே விசாரணைக்கு நாள் போகும், அது உங்கள் முகூர்த்தத்தைத் தாண்டிவிடலாம். அதனால் அப்பாவை விட்டு அவரிடம் ஒருமுறை பேசச் சொல்லுங்கள். பேச்சு மிரட்டலாக மாறினால் தயங்காமல் காவல்துறைக்கு எழுத்தில் கொடுங்கள். வயது வந்த இருவரின் திருமணத்தில் வேறு யாரும் தலையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தெளிவாகச் சொல்லி, அப்படிப்பட்டவர்களுக்குப் பாதுகாப்புத் தரும்படி காவல்துறைக்கு உத்தரவும் போட்டிருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் வீட்டில் யாராவது கேட்பார்கள்: "அப்படிக் கட்டினால் பூர்வீகச் சொத்தில் பங்கு போய்விடுமே?" போகாது. சிறப்புத் திருமணச் சட்டப்படி ஓர் இந்து, வேற்று மதத்தவரை மணந்தால் அவர் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்ததாகக் கருதப்படுவார். அதாவது பாகப்பிரிவினை ஆன மாதிரி, பங்கை இழந்த மாதிரி அல்ல. 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் பிறப்பிலேயே பங்குரிமை உண்டு என்பதால் இது உங்களுக்கும் பொருந்தும். உங்கள் சொந்தச் சொத்து உங்களுக்குப் பின் யாருக்குப் போகும் என்பது மட்டும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி முடிவாகும். பெரிய சொத்து இருக்கும் குடும்பம் என்றால் பாகம் எப்படி விழும் என்பதை ஆவணங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கேள்வியை வைத்துக்கொண்டு அதை நான் கணிக்க மாட்டேன்.

விசா அவசரத்துக்காகக் கல்யாணத்துக்கு முன்பே "ரிஜிஸ்டர்" பண்ணித் தருகிறேன் என்று சில ஏஜெண்டுகள் சொல்வார்கள். உங்கள் தோழியின் கேள்வியோடு சேர்த்து இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் சடங்கே நடக்காமல் வாங்கிய சான்றிதழ் திருமணத்தை உண்டாக்காது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் நிலைமை வேறு. அங்கே அலுவலர் முன் கையெழுத்துப் போட்டு, "இவரை என் சட்டப்படியான கணவராக ஏற்கிறேன்" என்று உங்களுக்குப் புரிந்த மொழியில் சொல்வதே திருமணம். தமிழிலேயே சொல்லலாம். ஆகவே மண்டபக் கல்யாணத்துக்கு முன்பே கையெழுத்து ஆனால் நீங்கள் அன்றைக்கே கணவன் மனைவி. "மண்டபத்தில் முடித்துவிட்டு அப்புறம் இதே சட்டத்தில் பதிந்தால் என்ன?" என்றும் கேட்பார்கள். அதற்கும் பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கேயும் 30 நாள் நோட்டீஸ் உண்டு, பதிவு முடியும் வரை உங்கள் நிலை கேள்விக்குறியாகவே இருக்கும். முன்னால் செய்வதுதான் என் யோசனை.

கையெழுத்து நாளை முகூர்த்த நாளில் வைக்காதீர்கள். அன்றைக்கு நிலப் பதிவுக்குக் கூட்டம் அலைமோதும், கூடுதல் டோக்கனே கொடுப்பார்கள். முகூர்த்தத்துக்கு நாலைந்து நாள் முன்பாக ஒரு சாதாரண வேலைநாளில் இரண்டு வீட்டுப் பெரியவர்களோடும் போய் வாருங்கள். அலுவலரை மண்டபத்துக்கே அழைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது, கூடுதல் கட்டணம் உண்டு. ஆனால் நியாயமான தூரத்துக்குள் இருக்க வேண்டும், அவருக்கும் தோது வேண்டும். அதை நம்பி நேரம் குறிக்க வேண்டாம். அதற்கு முன் மாப்பிள்ளை தன் பங்குத்தந்தையைப் போய்ப் பார்க்க வேண்டும். சிவில் திருமணம் மட்டும் செய்துகொண்டால் திருச்சபை அதைத் திருமணமாக ஏற்காது, நற்கருணை வாங்குவது போன்ற விஷயங்களில் அவருக்குச் சங்கடம் வரும். ஆயரின் அனுமதியோடு சர்ச் மந்திரிப்பை (திருமண ஆசீர்வாதத்தை) எப்போது, எப்படி வைப்பது என்று பங்குத்தந்தைதான் சொல்வார். ஒருவேளை சர்ச் கல்யாணமே போதும் என்று இரண்டு வீடும் முடிவு செய்தால் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போகவே தேவையில்லை, முதல் வழியே முழுமையானது. எதுவானாலும் சட்டம் எது என்று முடிவு செய்துவிட்டுப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு தேதி விஷயம். அலுவலகத்தில் கையெழுத்திட்ட நாள்தான் சட்டப்படி உங்கள் திருமண நாள். பத்திரிகையில் இருப்பது ஆவணி முகூர்த்த நாள். பிறகு வங்கியோ விசாப் படிவமோ திருமணத் தேதி கேட்டால் சான்றிதழில் இருப்பதையே எழுதுங்கள், இரண்டு பேரும் ஒரே தேதியை எழுதுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே இரண்டு மூன்று சான்றிட்ட நகல்களுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் அப்போஸ்டில் முத்திரைக்கு (வெளிநாட்டில் காட்டும் ஆவணம் உண்மையானது என்று அரசு வைக்கும் முத்திரை) அசல் கையைவிட்டுப் போகும், அது திரும்பி வரும் வரை இங்கே காட்ட ஒன்று வேண்டும்.